புரட்டாசிக் கைப்பிடி

புரட்டாசி பாதி ஆனதும் ஒரு நாள் விடியற்காலையில் எருத்தொட்டியைப் பிரிப்பேன். அன்றைக்கு வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்வதில்லை. புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், மதிலை ஒட்டி, சாந்து பூசாமல் இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்கிய மூன்றடிக்கு மூன்றடித் தொட்டி அது. மேலே போர்த்தியிருக்கும் கோணிச்சாக்கை விலக்கி, முன்பக்கத்துக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டும். கடைசிக் கல்லை எடுத்ததும் குவியலின் வெட்டுமுகம் தெரியும். அதைப் பார்ப்பதற்காகவே நான் குவியலைக் கிளறாமல் விட்டுவைக்கிறேன். கிளறினால் சீக்கிரம் மக்கும், மூன்றே மாதத்தில் எரு கைக்கு வரும் என்பார்கள். உண்மைதான். எனக்கு ஆறு மாதம் இருக்கிறது, எதற்கு அவசரம்?

மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தால் வருஷத்தில் பாதிக்கு மேல் அதில் இருக்கிறது. உச்சியில் ஆவணி. பிள்ளையார் சதுர்த்திக்குச் சாத்திய அருகம்புல், எருக்கம்பூ மாலை கோத்த நார், பச்சை இன்னும் முழுதாகப் போகாத வாழையிலைத் துண்டு. ஒரு சாண் கீழே ஆடி. வாசலில் கட்டிக் காய்ந்த வேப்பிலை, கூழுக்குக் கடித்துக்கொள்ள உரித்த சின்ன வெங்காயத்தின் தோல். தோலின் ஊதா வெளுத்துப்போய்க் கண்ணாடித்தாள் மாதிரி ஆகியிருக்கும். அதற்கும் கீழே ஆனி, வைகாசி. பண்ருட்டிப் பலாவின் சக்கையைக் கொட்டிய இடம் களியாகக் கறுத்திருக்கும், மாங்கொட்டைகள் மட்டும் அசையாமல் நிற்கும். அவற்றில் ஒன்றிரண்டு, அந்த இருட்டிலும், வெளிறிய முளை விட்டிருக்கும். பிறகு சித்திரையின் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் தோல், ஓடு முழுதும் கரைந்து நரம்பு வலை மட்டும் மிஞ்சியதாக. தரையோடு தரையாக மாசி, பங்குனி. அங்கே எந்தப் பொருளும் தனியாகத் தெரியாது. ஒரே கறுப்பு. எங்கே இலை முடிந்து எங்கே மண் தொடங்கியது என்று விரலால் கோடு போட முடியாது.

குளிர் நாடுகளில் அக்டோபரில் இலை கொட்டுகிறது. அதே அக்டோபரில் தோட்டக்காரர்கள் பாத்தியில் மக்கு எருவைப் பரப்பி மூடிவிடுகிறார்கள். மேலே பனி விழும், வசந்தம் வரை மண் தூங்கும். நமக்கு இந்த இரண்டும் ஒரே மாதத்தில் வருவதில்லை. இங்கே வேம்பும் புங்கமும் கொட்டுவது மாசி, பங்குனியில். எரு மண்ணில் சேர வேண்டியது புரட்டாசியில், கார்காலம் முடிந்து கூதிர் தொடங்கும் முனையில். நடுவில் அரை வருஷம், அதுவும் கத்திரி வெயில் உட்பட. உதிர்ந்த இலை அந்த வெயிலையெல்லாம் தாண்டி, வடகிழக்குப் பருவமழைக்குச் சில வாரம் முந்தி, எருவாகி வந்து நிற்கிறது. இங்கே மண் தூங்கப் போவதும் இல்லை. ஐப்பசி மழையில்தான் அது முழுசாக விழித்துக்கொள்கிறது. அந்த விழிப்புக்கு முன் அதற்குச் சாப்பாடு போட்டுவைக்கிற வேலை இது. இந்த ஏற்பாட்டின் பொருத்தத்தை எத்தனை வருஷம் பார்த்தும் எனக்குச் சலிக்கவில்லை.

மாசி மாதத்துக் காலைகளில் எங்கள் தெருவோரம் இலை கூட்டிக் குவித்திருப்பார்கள். நெருப்பு வைப்பதற்கு முன் கேட்டு வாங்கிச் சாக்கில் அடைத்துக்கொண்டு வருவேன். இலை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். மக்குகிற விதத்தில் ஒவ்வோர் இலைக்கும் ஒரு குணம் இருக்கிறது. முருங்கை இலை பொடிசு, ஒரே வாரத்தில் இருந்த இடம் தெரியாது. புங்க இலை மெத்தென்று கரையும். பசுந்தழை எருவுக்கு உழவர்கள் காலங்காலமாக அதைத் தேடி ஒடித்தது சும்மா இல்லை. வேம்பில் சிற்றிலைகள் முதலில் போய்விடும், நடுவில் ஓடும் ஈர்க்கு துடைப்பக்குச்சிபோல வெகுநாள் நிற்கும். நாட்டு வாதுமை, அதாவது எங்கள் ஊர் வழக்கில் பாதாம் மரம், உதிர்வதற்கு முன் செம்பு நிறத்துக்கு மாறி அழகு காட்டும். ஆனால் அதன் அகன்ற இலைகள் ஒன்றன்மேல் ஒன்று தட்டுகள்போல் படிந்து தண்ணீரை உள்ளே விடாது. காலால் மிதித்து நொறுக்கித்தான் போட வேண்டும். மாவிலையின் மெழுகு லேசில் விடுவதில்லை. பக்கத்துக் கருவடிக்குப்பத்து மாந்தோப்புதான் பாரதியின் குயில் பாட்டுக்குக் களம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அந்தக் காலத்து மாவிலைகள் எல்லாம் இந்தச் செம்மண்ணில்தான் எங்கேயோ கலந்திருக்கும் என்று, மாவிலையைக் கிழித்துப் போடும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அரச இலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மக்கும்போது அதில் சதை மட்டும் போய் நரம்பு நிற்கும். நடு நரம்பு, அதிலிருந்து பிரியும் கிளை நரம்பு, கிளைக்கும் கிளைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஓடும் பின்னல், நுனியில் நீளும் அந்த வால் வரை ஒன்றும் அறுந்திருக்காது. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் அதன் வழியாக மதிலின் செங்கல் தெரியும். ஊதினால் பறக்கும். ஒவ்வொரு புரட்டாசியிலும் இப்படி ஒன்றாவது அகப்படுகிறது. அதை மட்டும் பாத்தியில் போட மனம் வருவதில்லை, புத்தகத்துக்குள் வைத்துவிடுகிறேன்.

மாசியில் காய்ந்த இலையைக் கொட்டி, நடுநடுவே காய்கறிக் கழிவும் சாணிக் கரைசலும் சேர்த்து அடுக்கிய நாலைந்து நாளில் குவியல் சூடேறும். காய்ந்தது மூன்று பங்கு, பச்சை ஒரு பங்கு என்று கண்ணளவில் போட்டால் போதும். கரிச்சத்து முப்பதுக்குத் தழைச்சத்து ஒன்று என்று விஞ்ஞானிகள் சொல்லும் கணக்கின் பக்கத்தில் வந்து நின்றுவிடும். ஒரு கம்பியைக் குவியலின் நடுவில் செருகி, பத்து நிமிஷம் கழித்து உருவித் தொட்டால் கை சட்டென்று பின்வாங்கும். ஐம்பத்தைந்து, அறுபது டிகிரி இருக்கும். வெளியே அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் தின்று செரிக்கிற சூடு அது. களை விதையும் நோய்க்கிருமியும் அந்தச் சூட்டில்தான் சாகின்றன. இந்தூரில் வேளாண் ஆய்வாளர்களான ஆல்பர்ட் ஹோவர்டும் யஷ்வந்த் வாடும் நம் உழவர்களின் எருக்குழியைப் பார்த்தும் சீனத்து முறையைப் படித்தும் இந்த வேலையை ஒழுங்குபடுத்தி 1931இல் புத்தகமாக எழுதினார்கள். உலகம் முழுக்க அது இந்தூர் முறை என்று போனது. அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. எனக்குச் சொல்ல வேண்டியது, சூடெல்லாம் அடங்கிப் பல மாதம் கழித்துக் கையில் வருகிற பொருளைப் பற்றி.

முதலில் சலிப்பேன். கட்டட வேலைக்கு மணல் சலிக்கச் சாய்த்து நிறுத்துவார்களே, அந்தச் சல்லடை. ஒரு மமுட்டி அள்ளி வீசினால் சர்ரென்று ஒரு சத்தம். நன்றாக மக்கியது வலைக்கு அப்பால் மெத்தென்று விழும், மக்காதது இந்தப் பக்கம் உருண்டு வரும். உருண்டு வந்ததைக் குனிந்து பார்க்காமல் நான் நகர்வதில்லை. தேங்காய் நாரின் செம்பட்டைச் சிக்கு. நுங்கு மட்டையின் கறுத்த விளிம்பு. முட்டையோட்டின் வெள்ளைச் சில்லுகள், அரிசி நொய்போல. புளியங்கொட்டை, தீட்டி வைத்த மாதிரி பளபளப்பாக. காணாமல் போனதாக வீடெல்லாம் தேடிய ஒரு சின்னக் கரண்டி ஒரு வருஷம் கிடைத்தது. ஆப்பிளில் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு ஒட்டுத்தாள் ஒவ்வொரு வருஷமும் கிடைக்கும், ஆறு மாதச் சூட்டிலும் ஈரத்திலும் ஓர் எழுத்துகூட அழியாமல். ஒட்டுத்தாளைக் குப்பைக்கூடையில் போடுவேன். மற்றதெல்லாம் அடுத்த குவியலுக்கு அடி மெத்தையாகத் திரும்பிப் போகும்.

வலைக்கு அப்பால் விழுந்ததைத்தான் கையில் எடுக்க வேண்டும். எடுத்தவுடன் தெரிவது கனமின்மை. ஈரமாக இருக்கிறது, ஆனால் கனக்கவில்லை. அதே அளவு செம்மண்ணை மற்றொரு கையில் எடுத்துப் பார்த்தால் தோள் வரைக்கும் வித்தியாசம் தெரியும். அடுத்தது பதம். எங்கள் ஆயா பாகூர்ப் பக்கத்துக்காரர், ஏரிப் பாசனத்தில் நெல் பார்த்த குடும்பம். எருவின் பதத்துக்கு அவர் சொன்ன சோதனை, புட்டுக்கு மாவு பிசறும்போது சொல்வதேதான்:

“புடிச்சா கொழுக்கட்டையா நிக்கணும், உதுத்தா மாவா உதிரணும்டி.”

கைப்பிடி எருவை இறுக்கிப் பிடித்துத் திறந்தால் நாலு விரலின் தடமும் அப்படியே பதிந்த ஒரு கொழுக்கட்டை உள்ளங்கையில் இருக்க வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. பெருவிரலால் லேசாகத் தட்டினால் அது பொலபொலவென்று உதிர வேண்டும். உதிரும்போது கவனித்தால், ஒரே மாவாக உதிர்வதில்லை. கடுகளவு, கேழ்வரகளவு, மிளகளவு என்று சின்னச் சின்ன மணிகளாக உதிரும். பூஞ்சை இழைகளும் புழுக்களின் எச்சமும் சேர்ந்து கட்டிய மணிகள் அவை. மணிக்கும் மணிக்கும் நடுவே காற்றுக்கு இடம், மணிக்குள்ளேயே தண்ணீருக்கு இடம். ஒரு செடியின் வேருக்கு இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். இதை யூரியாவோடு எடை போட்டுப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. மக்கு எருவில் அரைப் பங்கோ ஒரு பங்கோதான். எருவின் பெருமை அந்த எண்ணிக்கையில் இல்லை, உதிர்கிற இந்த மணியில் இருக்கிறது.

பிறகு மணம். முற்றாத எருவில் புளித்த வாடையோ அம்மோனியா நெடியோ வரும். முற்றிய எரு கோடை மழை விழுந்த தரைபோல் மணக்கும். இரண்டும் ஒரே மணம்தான், ஒப்புமைக்காகச் சொல்லவில்லை. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிர்கள் செய்யும் ஜியோஸ்மின் என்ற பொருளின் மணம் அது. கிரேக்கத்தில் மண், மணம் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து 1965இல் அந்தப் பெயரை வைத்தார்கள். மண்வாசனை என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வதன் நேர்ப்பெயர். லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைப் பிடித்துவிடுகிறது. இந்த உயிர்கள் எதற்காக இப்படி மணக்க வேண்டும் என்பதற்கு 2020இல் ஓர் ஆய்வு அழகான விடை சொன்னது. எருவைக் கிளறினால் வெள்ளைப் புள்ளிகள்போலத் துள்ளுமே சில பூச்சிகள், ஸ்பிரிங்டெயில் என்கிறார்கள், அவற்றை இந்த மணம் கூப்பிடுகிறது. வந்து தின்னும் பூச்சியின் உடம்பில் ஒட்டியும் வயிற்றில் புகுந்தும் நுண்ணுயிரின் வித்துகள் வேறிடம் போய்ச் சேர்கின்றன. பூ வண்டைக் கூப்பிடுகிற அதே வேலை, நம் காலடியில். இதைப் படித்த பிறகு ஒரு பிடி எருவை முகர்கிறபோது, வேறு யாருக்கோ விடுத்த அழைப்பு என் மூக்குக்கும் கேட்டுவிட்டதாகத் தோன்றும்.

அந்தக் காலை நேரத்தில் விருந்தாளிகளும் உண்டு. முதல் மமுட்டி விழும் ஓசைக்கே இரண்டு மைனாக்கள் மதிலில் வந்து உட்காரும். தவிட்டுக்குருவிக் கூட்டம் பின்னால் வரும், கூச்சலோடு. அவற்றுக்குத் தெரியும், காண்டாமிருக வண்டின் புழு இருக்கும் என்று. பெருவிரல் தடிமன், பால் வெள்ளை, பழுப்புத் தலை, பிறை மாதிரி வளைந்து கிடக்கும். இது தென்னைக்கு எமன். வளர்ந்து வண்டானால் தென்னங்குருத்தைத் துளைத்துவிடும். ஆகவே ஒன்று விடாமல் பொறுக்கி மதில்மேல் வைப்பேன், வைத்த கை திரும்புவதற்குள் எடுத்துக்கொண்டு போய்விடும் மைனா. மண்புழுக்களை மட்டும் கூடையால் மூடிக் காப்பாற்ற வேண்டியிருக்கும். வெளிநாட்டுப் புழுவை வாங்கி விடாதீர்கள், உங்கள் மண்ணிலேயே இருக்கும் புழு போதும் என்று சென்னையில் மண்புழு ஆய்வாளர் சுல்தான் இஸ்மாயில் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தார். நான் ஒரு புழுவும் வாங்கியதில்லை. ஈரமும் நிழலும் இலையும் இருந்த இடத்துக்கு அவை தாமாக வந்தன.

குப்பை என்ற சொல்லுக்கு இன்று ஒரு மட்டமான பொருள் வந்துவிட்டது. பழைய தமிழில் அது குவியல், அவ்வளவுதான். நெல்லைக் குவித்தாலும் குப்பை. சிவகங்கைப் பக்கம் நெற்குப்பை என்றே ஓர் ஊர் இருக்கிறது. இந்தத் தொட்டியின் முன் நிற்கும்போது அந்தப் பழைய பொருள்தான் சரி என்று படுகிறது.

உழவு அதிகாரத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு குறள்கள் எனக்கு வெகுகாலம் புதிராக இருந்தன. ஒன்றில் வள்ளுவர், ஒரு பலம் புழுதி கால் பலமாகும் அளவுக்கு உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் இல்லாமலே பயிர் செழிக்கும் என்கிறார். அடுத்ததிலேயே, ஏர் ஓட்டுவதைவிட எருவிடுவது நல்லது என்கிறார். முதலாவது, ஓய்வு கொடுக்க முடிந்த நிலத்துக்குப் பொருந்தும், காய்ந்து கிடக்க அதற்கு நாள் இருக்கிறது. வீட்டுப் பாத்திக்கு அந்த நாள் இல்லை. கீரை எடுத்தால் கத்தரி, கத்தரி போனால் வெண்டை என்று வருஷம் முழுவதும் கொடுத்துக்கொண்டே இருக்கிற மண்ணுக்கு இரண்டாவது குறள். இது என் வாசிப்பு, உரையாசிரியர்கள் வேறு சொல்லலாம். ஆனால் எனக்குப் பிடித்தது கருத்தைவிட அந்த அளவைதான். கூடை எரு, வண்டி எரு என்று சொல்லியிருக்கலாம். கைப்பிடியைச் சொன்னார். கையில் பிடித்துப் பார்த்தவருக்குத்தான் அந்த அளவை வரும்.

இனி மண். லாஸ்பேட்டை, கோரிமேடு, அதற்கு வடக்கே ஆரோவில் மேடு எல்லாம் ஒரே செம்மண். வெள்ளை வேட்டியில் பட்டால் ஏழு சலவைக்கும் போகாத சிவப்பு, இரும்பின் சிவப்பு. பார்க்கக் கம்பீரமான மண், வயிறு மட்டும் காலி. மழைத்துளி நேரே விழுந்தால் மேல்தோல் பாளமாக இறுகிவிடும், அப்புறம் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடும், ஓடும்போது மண்ணையும் கூட்டிக்கொண்டு போகும். 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு எப்படி இருந்தது என்பதற்குப் பழைய புகைப்படங்கள் இருக்கின்றன. மழை அறுத்த ஓடைகள், ஒன்றிரண்டு பனைமரம், வேறொன்றும் இல்லை. வரப்பு போட்டு, மரம் வைத்து, விழுந்த இலையை விழுந்த இடத்திலேயே விட்டுவைத்து அங்கே காடு வந்தது. அங்கிருக்கும் பெப்பிள் கார்டன் என்ற தோட்டத்தில், சரளையும் கூழாங்கல்லுமாகக் கிடந்த தரையில் மண்ணை உண்டாக்கி, நாட்டுக் காய்கறி விதைகளைக் காத்துவருகிறார்கள். ஐந்தாறு மைல் தள்ளி, அதே மண்ணில், என் மூன்றடி அகலப் பாத்தி. அளவு வேறாக இருந்தாலும் வேலை ஒன்றே.

பாத்தியை ஆழமாகக் கொத்திப் புரட்டுவதில்லை. முன்பு புரட்டுவேன், இப்போது மேலே பரப்புவதோடு சரி. உள்ளே கொண்டுபோகப் புழுக்கள் இருக்கின்றன. களையை வேரோடு எடுத்து, பூவாளியால் மண்ணை நனைத்து, ஒரு மணி நேரம் விடுவேன். பிறகு சாந்துச்சட்டியில் எருவை எடுத்து, ஒரு கையால் சட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு, மறு கையால் தூவுவது. கொட்டிவிட்டுப் பரப்பினால் ஓரிடம் மேடும் ஓரிடம் பள்ளமுமாகிவிடும். தூவினால்தான் சீராக விழும், அரிசி மாவுக் கோலத்துக்கு முன் சாணம் தெளிக்கிற கைவாட்டம் அது. கட்டைவிரலின் ஒரு கணு அளவு உயரம் போதும். மூன்றடி அகலம், பத்தடி நீளப் பாத்திக்கு எழுபது லிட்டர் சொச்சம் பிடிக்கும். நாலு அன்னக்கூடை என்று வைத்துக்கொள்ளலாம். மாசியில் கொண்டுவந்த சாக்குகளின் எண்ணிக்கையை நினைத்தால் இது எவ்வளவு கொஞ்சம்! மலையாகக் குவித்தது மடியளவாகிறது. போனதெல்லாம் மூச்சாகக் காற்றில் போயிற்று.

தூவி முடித்ததும் நிறத்தைப் பார்க்க வேண்டும். முதலில் சிவப்பின்மேல் கறுப்பு, இரண்டும் தனித்தனியாக, புதுப் புடவையின் உடலும் கரையும்போல. பூவாளித் தண்ணீர் பட்டதும் கறுப்பு இன்னும் கறுக்கும். ஒரு வாரம் கழித்து ஓரத்தில் விரலை விட்டுக் கிளறினால் நடுவில் மூன்றாவது நிறம் ஒன்று தொடங்கியிருக்கும், பனங்கருப்பட்டியை உடைத்த முகத்தில் தெரியுமே, அந்த நிறம். அந்தக் கருப்பட்டி நிறம் ஆண்டுக்கு ஆண்டு சற்றே ஆழமாக இறங்குகிறது. முதல் வருஷம் ஓர் அங்குலத்துக்குக் கீழே கட்டாந்தரை. இப்போது என் உள்ளங்கை முழுதும் மணிக்கட்டு வரை இறங்குகிறது, அதற்கு அப்புறம்தான் பழைய சிவப்பு.

இந்த வேலைக்கு உரிய நாட்கள் குறைவு. ஆடி வெயிலில் பரப்பினால் எரு காய்ந்து உயிர் போய்விடும். நம் வெப்பத்தில் மக்கும் பொருள் வேகமாகத் தீர்ந்துபோகும், ஒவ்வோர் ஆண்டும் திரும்பப் போட வேண்டியிருப்பதும் அதனால்தான். ஐப்பசி அடைமழையில் பரப்பினால் சத்து கரைந்து கால்வாயில் போகும். பருவமழை தொடங்குவது வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில். அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால், சாயங்காலத்தில் இடி இடித்து ஒரு பாட்டம் பெய்து ஓய்கிற நாட்கள் இருக்கின்றனவே, அவைதான். அந்தச் சின்ன மழைகள் எருவை மண்ணோடு ஒட்டவைக்கும், அடித்துக்கொண்டு போகாது.

ஒரு வருஷம் அவசரப்பட்டேன். வெளியூர்ப் பயணம் ஒன்று இருந்ததால் குவியலின் நடுப்பகுதியையும் சேர்த்துச் சலிக்காமல் பரப்பி, பத்து நாளில் கத்தரி நாற்றும் நட்டுவிட்டேன். இலைகள் வெளிறி மஞ்சளாகி, செடி நின்ற உயரத்திலேயே நின்றது. அப்போது ஆயா படுக்கையில் இருந்தார். ஒரு சட்டியில் அந்த எருவைக் கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்தார், முகரக்கூட இல்லை.

“இது இன்னும் வேவலடி. அதுக்கே பசி. செடிக்கு எங்க போடும்?”

புத்தகத்தில் இதற்குப் பெரிய விளக்கம் இருக்கிறது. பாதி மக்கிய இலையைத் தின்று முடிக்க நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும், செடிக்கு மிஞ்சாது என்று. ஆயா சொன்னது அதுவேதான். அந்த நாற்றுகளைப் பிடுங்கவில்லை. பசுஞ்சாணத்தைக் கரைத்து வாரம் ஒரு முறை ஊற்றினேன், மார்கழியில் தேறிக்கொண்டன. ஆனால் அதற்குப் பிறகு எந்த வருஷமும் குவியலின் நடுவைத் தொடவில்லை. அடியில் முற்றியது மட்டும்தான் பாத்திக்கு.

பரப்பிய எருவின்மேல் வைக்கோலோ காய்ந்த இலையோ நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போட்டுவிட்டால் புரட்டாசி வேலை முடிந்தது. பிறகு வானம் பார்த்துக்கொள்ளும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. மின்சாரம் இல்லை, தெருவெல்லாம் வெள்ளம். விடிந்ததும் பின்கட்டுக்குப் போனேன். எரு போடாமல் வெறுமனே கிடந்த மூலையில் இரண்டு விரல் ஆழத்துக்கு மழை வாய்க்கால் வெட்டியிருந்தது, அதன் அடியில் கூழாங்கல் பல் இளித்தது. தெருவில் ஓடிய தண்ணீர் செங்கல்லை உரைத்துக் கரைத்த சிவப்பு. பாத்தியில் மூடாக்கு கலைந்து ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது, மண் இருந்த இடத்தில் இருந்தது. அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் கசிந்து வந்துகொண்டிருந்தது. குனிந்து கையில் ஏந்திப் பார்த்தேன், வடித்த டீத்தண்ணீர்போல இளம் பழுப்பு, அடியில் என் கைரேகை தெரியும்படி தெளிவு.

ஒதுங்கிய வைக்கோலை மறுபடி இழுத்துவிட்டபோது அடியில், ராத்திரி பெய்த அத்தனை மழைக்கும் பிறகு, ஈர மண்ணின்மேல் புதிதாகப் பிழிந்து வைத்த சேவைபோல் மண்புழுவின் எச்சம் சுருள் சுருளாக நின்றது. ஒன்றின் நுனி இன்னும் அசைந்துகொண்டிருந்தது.